கிளட்ச் ஒயரில் ஒரு பொட்டைமான்

சித்திரை மாதம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். பள்ளத்துப் பக்கமிருந்து கடாமான் கத்தியது.

மான் கத்துவதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களோ என்னவோ. சளி கட்டிய ஆள் தொண்டையை இழுத்துச் செருமுவது போல இருக்கும். பார்க்க அவ்வளவு லட்சணமான பிராணிக்கு இப்படி ஒரு குரல். சித்திரை, வைகாசியில் கடாக்களுக்குக் கொம்பு முற்றி, முனை வெள்ளையாக மின்னும். அது அவை இணை தேடும் பருவம். நாய்க்கும் பயப்படாது, டிராக்டருக்கும் பயப்படாது. காலை முழுக்கக் கத்திக்கொண்டே அலையும்.

அன்றைக்குச் சத்தம் அலையவில்லை. ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப வந்தது. அதுவும் எங்கள் காட்டுக்குள்ளிருந்து. எங்கள் பக்கம் வெள்ளாமை வைக்கிற நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம்.

"ஏனுங்க, சோளத்துக்குள்ள நிக்குதுங்க!" என்று கத்தினேன்.

பல் விளக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பொன்னுசாமி வாயைக்கூடக் கொப்பளிக்காமல் தடியை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மேற்கு வேலியோரம் ஒரு பொட்டைமான் கிடந்தது. பின்னங்கால் ஒன்று கம்பியில் மாட்டியிருந்தது. சுற்றிலும் பத்துப் பதினைந்து மக்காச்சோளப் பயிர் ஒடிந்து மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து துள்ளியது. கம்பி இழுத்தது. மறுபடி விழுந்தது.

கடா கொஞ்சம் தள்ளிக் கருவேல மரத்தடியில் நின்றது. ஓடவில்லை.

கம்பி வந்த கதை

கம்பெனி பஸ்ஸைப் பற்றி முன்பு ஒரு தடவை இங்கே நான் எழுதிய பிறகு ஒரு வாசகி கேட்டிருந்தார், "நீங்கள் தோட்டத்துக்காரரா, பனியன் கம்பெனிக்காரரா?" என்று. இரண்டும்தான். பாதி வயசு வரைக்கும் நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் நின்றேன். தைத்து வந்த பனியனை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, எண்ணெய்க்கறை, விட்டுப்போன தையல் பார்ப்பதுதான் வேலை. கால் நரம்பு சுருட்டிக்கொண்ட பிறகு நின்றுவிட்டு, வீட்டுக்காரரோடு காட்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

எங்கள் ஊருக்கு மான் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. வனம் என்று ஒன்றும் பக்கத்தில் இல்லை. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடுகிற ஒரு பள்ளம், அதன் இரண்டு கரையிலும் சீமைக்கருவேலம், அவ்வளவுதான். ஒரு காலத்தில் அந்தப் பள்ளத்தில் சாயப்பட்டறைத் தண்ணீர் வரும். ஒரு நாள் ஊதா, ஒரு நாள் சிவப்பு. அப்போது மாடுகூட அதில் வாய் வைக்காது. சாயத்தண்ணீர் நின்று கருவேலம் அடர்ந்த பிறகு ஒன்றிரண்டு மான் தென்பட்டது. கம்பெனி பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியாக முதல் தடவை பார்த்த அன்று நாங்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தோம். டிரைவர் வண்டியை நிறுத்தினார். ஒரு ஒடிசாக்காரப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அது கூட்டமான பிறகு யாரும் கும்பிடவில்லை. நிலக்கடலை முளைவிட்டால் முளையைத் தின்னும். சோளம் கதிர் பிடித்தால் கதிரைத் தின்னும். தின்பதைவிட மிதிப்பது அதிகம்.

நான் கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் வாங்கி வந்து, பனியன் துணியை நாடா நாடாவாகக் கிழித்து வேலி முழுக்கக் கட்டினேன். மஞ்சள், பச்சை, ரோஸ். காற்றில் ஆடும்போது திருவிழா மாதிரி இருக்கும். கொஞ்ச நாள் பயந்தன. அப்புறம் அந்தத் துணியையே மென்று துப்ப ஆரம்பித்தன.

இதோடு காட்டுப்பன்றி வேறு. இரண்டு போகம் வீணாகப் போன பிறகுதான் என் வீட்டுக்காரர் பைக் மெக்கானிக் கடையிலிருந்து பழைய கிளட்ச் ஒயர் கொண்டுவந்தார். வேலிச் சந்தில் சுருக்கு வைத்தார். பன்றிக்கு என்றுதான் வைத்தார். எனக்கும் தெரியும். தப்பு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கவர்மெண்டு கணக்கில் பன்றியைக் கொன்றாலும் குற்றம், மானைக் கொன்றால் அதைவிடப் பெரிய குற்றம். எங்கள் சோளத்தைக் கொன்றால் மட்டும் யாருக்கும் எதுவும் இல்லை.

"நீயே சொல்லு"

சத்தம் கேட்டு என் கொழுந்தனார் செல்வராஜ் வேலி தாண்டி வந்தார். அவருடைய காடு எங்கள் காட்டை ஒட்டியதுதான். ஒரே நிலம், பாகம் பிரித்தது. அவர் விவசாயம் பார்ப்பதில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஷெட் போட்டு, தையல் மிஷின்கள் வைத்து, கம்பெனிகளிடம் ஜாப் ஒர்க் எடுத்துக்கொண்டிருந்தார். அன்று ஞாயிறு, ஷெட்டுக்கு லீவு.

சந்தையில் ஆடு பார்ப்பது போல மானைச் சுற்றி வந்து பார்த்தார்.

"பொட்டைங்ணா" என்றார் தன் அண்ணனிடம். "கடான்னா நானே வேண்டாம்பேன். இந்த மாசத்துல கடாக்கறி மொச்சை நாத்தம் அடிக்கும், வாயில வைக்க முடியாது. இது பொட்டை. முதுகு எப்படித் தெரண்டிருக்குது பாருங்க. ஒரே வெட்டு. என்ன யோசிக்கிறீங்க?"

"பாரஸ்ட்காரன் வந்தா?"

"வுட்டாத்தானுங்ணா வருவான். கால்ல கம்பிக் காயத்தோட அது ரோட்டுல போய் நின்னா, யாரு வச்ச கம்பின்னு தேடிக்கிட்டு வருவான். கறியாப் போச்சுன்னா யாரு வரப்போறா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் சங்கடம்.

என் வீட்டுக்காரர் குனிந்து மானின் காலைத் தொட்டுப் பார்த்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் தோல் கழன்று உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அவிழ்த்துவிட்டால் பிழைக்குமா என்று சொல்ல முடியாது. பள்ளத்தில் ஒரு கூட்டம் நாய் திரிகிறது. வெட்டினால் அந்த நிமிஷத்தோடு அதன் பாடு தீரும். பாரஸ்டுக்குச் சொன்னால் மான் பிழைக்கலாம், இவர் பிழைக்க மாட்டார்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சாந்தாமணி, நீயே சொல்லு" என்றார்.

அவர் எப்போதும் அப்படித்தான். போர்வெல் போடுவதா, எருமையை விற்பதா, மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது, எல்லாம் என்னைத்தான் கேட்பார். கம்பெனிக்குப் போய் நாலு பேரைப் பார்த்தவள் என்று என் மேல் ஒரு மரியாதை. அதை நான் பல வருஷம் பெருமையாகவே நினைத்திருந்தேன். எப்படி முடிந்தாலும் கெட்ட பெயர் வரும் என்று தெரிகிற காரியத்தையும் அவர் என்னிடம்தான் தள்ளுவார் என்பது எனக்கு உறைக்க அந்த மான் வர வேண்டியிருந்தது.

நான் ஒன்றும் ஜீவகாருண்யம் பார்க்கிறவள் இல்லை. ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டில் கறி உண்டு. சேவலை நானே அறுப்பேன். வெட்டினால் என்ன என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. ஒடிந்து கிடந்த பயிரைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு எரிந்தது. நான் தண்ணீர் கட்டி வளர்த்த பயிர். என் வீட்டுச் சோளத்தைத் தின்றுதானே அந்த முதுகு திரண்டது?

"செனையா இருக்குமோ?" என்று கேட்டேன்.

"இப்பத்தானுங்க பருவமே. செனையெல்லாம் இருக்காதுங்க நங்கை" என்றார் செல்வராஜ். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவார்கள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

அந்தக் கடா

அதுவரை கருவேல மரத்தடியில் நின்ற கடா ஓரடி ஓரடியாகக் கிட்டே வந்தது. கொம்பில் காய்ந்த புல்லும் என்னுடைய ரோஸ் துணி நாடா ஒன்றும் சுற்றியிருந்தன. வாய் நுரைத்திருந்தது. மூன்று மனுஷர் நிற்கிறோம், ஒருவர் கையில் தடி. அதற்கு ஒன்றும் கண்ணில் படவில்லை.

துணை மாட்டிக்கொண்டதே என்று தவித்துப்போய் நிற்கிறது என்று நான் நினைத்தேன். ஒரு நிமிஷம் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அது தவிக்கவில்லை. பின்பக்கமாக வந்து, மூக்கை நீட்டி மோந்து, அந்தப் பொட்டையின் மேல் முன்னங்கால்களைத் தூக்கிப் போடப் பார்த்தது. பொட்டை மூன்று காலில் எழுந்து நகர்ந்தது. கம்பி இறுகியது. விழுந்தது. கடா ஒதுங்கி நின்று ஒரு தடவை கத்திவிட்டு மறுபடி வந்தது.

செல்வராஜ் சிரித்துவிட்டார். "அவன் அவசரம் அவனுக்கு" என்றார்.

என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கால் அறுபட்டுக் கிடக்கிறவளைச் சுற்றி ஒருத்தன் மேலே ஏறப் பார்க்கிறான், ஒருத்தன் கறி பார்க்கிறான், கம்பி வைத்தவன் என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்கிறான். மண்ணாங்கட்டியை எடுத்துக் கடாவின் மேல் வீசினேன். அது நெற்றியில் வாங்கிக்கொண்டு பத்தடி போய் நின்றது.

"அறுத்து வுடுங்க" என்றேன்.

"நங்கை..."

"கறி வேணும்னா கடையில வாங்கிக்குங்க தம்பி. அறுத்து வுடுங்கன்னா அறுத்து வுடுங்க."

செல்வராஜ் பிடிக்க வரவில்லை. நானும் என் வீட்டுக்காரரும்தான் செய்தோம். அவருடைய தலைத்துண்டை மானின் கண் மேல் போட்டு, நான் அதன் தோள்மேல் சாய்ந்து அமுக்கிப் பிடித்தேன். என் உள்ளங்கைக்குக் கீழே அதன் நெஞ்சு தையல் மிஷின் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. உண்ணி ஊர்ந்தது. சாணி நாற்றம். அவர் வீட்டிலிருந்து எடுத்துவந்த கட்டிங் பிளேயரால், வேலிக் குச்சியில் கட்டியிருந்த பக்கம் கம்பியை வெட்டினார். காலில் இருந்த சுருக்கு சதைக்குள் போயிருந்தது. அதையும் தளர்த்திவிடலாம் என்று நான் கை நீட்டுவதற்குள் மான் என் விலாவில் ஓர் உதை விட்டு எழுந்துவிட்டது.

மூன்று காலில், கம்பித் துண்டு பின்னால் இழுபட, சோளத்துக்குள் புகுந்து பள்ளத்தைப் பார்த்துப் போனது. கடா பின்னாலேயே போனது.

"நல்ல காரியம் பண்ணுனீங்க நங்கை" என்று சொல்லிவிட்டு செல்வராஜும் போனார்.

விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான், "பாரஸ்டுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிறலாங்க. கம்பியோட போகுது, பாவம்" என்றேன்.

"பைத்தியமா உனக்கு? கம்பி யாருதுன்னு கேட்டா எம் பேரைச் சொல்லுவியா?"

கையில் எடுத்த போனைக் கீழே வைத்துவிட்டேன்.

பாலித்தீன் கவர்

சாயங்காலம் செல்வராஜ் கையில் ஒரு கவரோடு வந்தார். பனியன் பேக் பண்ணுகிற பாலித்தீன் கவர். அதன் மேல் 'எக்ஸ்எல்' என்று சைஸ் ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது. உள்ளே கறி.

"வெள்ளாட்டுக்கறிங்க நங்கை. நம்ம ஷெட்டுப் பசங்க அறுத்தாங்க."

"எங்கீங்க அறுத்தாங்க?"

"பள்ளத்துலதான்" என்றார். என்னை நேராகப் பார்த்துத்தான் சொன்னார். முகத்தில் சிரிப்புக்கூட இல்லை. ஆட்டுக்கறி அவ்வளவு கறுப்பாக இருக்காது என்று எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

நான் கை நீட்டவில்லை. என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார்.

"திருப்பிக் குடுத்துருங்க" என்றேன் செல்வராஜ் போனதும்.

"ஊடு தேடி வந்து குடுத்ததைத் திருப்பிக் குடுத்தா தம்பி என்ன நெனைப்பான்?"

"நான் ஆக்க மாட்டேன்."

"ஆரு உன்னை ஆக்கச் சொன்னா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அடுப்புப் பக்கமே வராதவர், அன்று தானே சின்ன வெங்காயம் உரித்தார். மிளகும் மல்லியும் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்கக்கூட இல்லை, தேடி எடுத்தார். நான் எருமைக் கொட்டகையில் போய் நின்றுகொண்டேன். அங்கேயும் வாசம் வந்தது. கறிக்குழம்பு வாசம்தான். அதில் வேறு எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பசி நேரம், நாக்கில் எச்சில் ஊறியது.

நான் மோர் ஊற்றிச் சோறு தின்றேன். அவர் தட்டை வழித்துத் தின்றுவிட்டுக் கை கழுவினார். "வுட்டாலும் அது பொழைச்சிருக்காது" என்றார், துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டே.

"அவ பொய் சொல்றாங்க சார்"

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, பள்ளத்தில் புதைத்ததை நாய்கள் தோண்டி ரோட்டுக்கு இழுத்து வந்துவிட்டன. ஒரு பின்னங்கால். அதில் கிளட்ச் ஒயர். யாரோ போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாரஸ்ட் ஜீப் நேராக எங்கள் காட்டு வழியில் வந்து நின்றது. ரேஞ்சர் நிதானமான ஆள். சத்தம் போடவில்லை. சாக்கில் சுற்றிய காலை வேலிக் குச்சியில் தொங்கிய மிச்சக் கம்பியோடு வைத்துப் பார்த்தார். ஊரே கூடிவிட்டது. செல்வராஜும் வந்து நின்றார். அவருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. விசேஷத்துக்குக் கிளம்பியவர் போல, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"கம்பி யாருதுங்க?"

"என்னுதுதானுங்க. பன்னிக்கு வச்சதுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"மானை வெட்டுனது?"

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சொல்லிவிடாதீர்கள் என்றும் சொல்லவில்லை, சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "நாங்க அறுத்து வுட்டுட்டமுங்க சார். உசிரோடதான் போச்சு. வெட்டுனது இவங்க ஆளுக" என்று கொழுந்தனாரைக் காட்டினேன்.

ரேஞ்சர் செல்வராஜ் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"அவ பொய் சொல்றாங்க சார். எந் தம்பிக்கும் அவளுக்கும் ஆகாது. அந்தக் காந்தல்ல சொல்றா. வெட்டுனது நாந்தானுங்க."

ரேஞ்சர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. சலிப்புத்தான். "ஏம்மா, குடும்பச் சண்டையை எல்லாம் இதுல கொண்டாராதீங்க" என்றார்.

அதற்கு மேல் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பனியனோடு நின்ற மனுஷனை ஜீப்பில் ஏற்றினார்கள். ஓடிப்போய்ச் சட்டையும் செருப்பும் கொண்டுவந்து ஜீப் ஜன்னல் கம்பி வழியாக நீட்டினேன். வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சில வாரம் உள்ளே இருந்தார். வக்கீல் பார்த்தது, ஜாமீனுக்கு அலைந்தது, துணிமணி கொண்டுபோய்க் கொடுத்தது எல்லாம் செல்வராஜ்தான். ஊரில் பெண்கள் என் காது கேட்கவே பேசினார்கள். "அண்ணன் தம்பின்னா இப்படி இருக்கோணும்." மான் கறி தின்றவர்களுக்கும் தின்னாதவர்களுக்கும் அதில் ஒரே கருத்து. பாரஸ்டுக்குப் போன் பண்ணியது நான்தான் என்றும் பேச்சு. புருஷனைப் பிடித்துக் கொடுத்தவள். இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? போன் பண்ணியிருக்க வேண்டும் என்று நினைத்தவள் நான். பண்ணாமல் விட்டவளும் நான். பண்ணினேன் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மிச்சம் இருந்த சோளத்தை நான் ஒருத்தியாக ஆள் விட்டு ஒடித்தேன். மான்கள் வந்துகொண்டுதான் இருந்தன. அந்தக் கடா வைகாசி முழுக்கக் கத்தியது. வேறு பொட்டை கிடைத்திருக்கும்.

திரும்பி வந்தவர்

அவர் வந்த அன்று வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு கேட்டேன்.

"தம்பியைக் காப்பாத்தோணும்னா காப்பாத்திக்குங்க. ஊரு முன்னால என்னை எதுக்குங்க பொய்க்காரி ஆக்குனீங்க?"

நல்ல மனுஷன்தான் அவர், அதையும் நான் எழுதத்தான் வேண்டும். கை ஓங்கியதில்லை, குடித்ததில்லை.

"அவன் புள்ளை கண்ணாலம் நிக்கக் கூடாதில்ல" என்றார்.

"நான்?"

"நீ எம் பொண்டாட்டி. நீ எங்க போயிருவே?"

கொஞ்சம் கழித்து, சமாதானம் சொல்கிற குரலில்தான் சொன்னார்: "அன்னிக்கே வெட்டிருந்தா இத்தனையும் இல்ல. கால்ல கம்பியோட வுட்டதாலதானே மாட்டுனோம். நீ சொன்னதைத்தான் நான் செஞ்சேன்."

அதற்கப்புறம் அவர் என்னிடம் எதையும் "நீயே சொல்லு" என்று கேட்டதில்லை. எருமையை விற்றதுகூட, ஆள் வந்து கயிற்றை அவிழ்த்தபோதுதான் எனக்குத் தெரியும். கேஸ் இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு அண்ணனும் தம்பியும் ஒரே பைக்கில் போய் வருகிறார்கள். நான் மறுபடி கம்பெனி பஸ் ஏறிவிட்டேன். கால் வலிக்கிறது. ஆனாலும் வெளிச்சத்தில் துணியை விரித்து, ஓட்டை இருக்கிறது என்று நான் சொன்னால் அங்கே ஓட்டை இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கல்யாண மண்டபத்தில்

ஆவணியில் செல்வராஜ் மகளுக்குக் கல்யாணம். போகாமல் இருக்க முடியுமா? பெரியம்மா முறை. சீர்த்தட்டு ஏந்தினேன், சந்தனம் கொடுத்தேன், வந்தவர்களை வாங்க என்றேன். புள்ளை பாவம், என் காலில் விழுந்து கும்பிட்டபோது மனசார ஆசீர்வாதம்தான் பண்ணினேன்.

மாப்பிள்ளையின் அம்மா முதலிபாளையத்துப் பக்கம். நல்ல மாதிரி. செல்வராஜ் அவரை எங்களிடம் கூட்டி வந்தார்.

"இவரு எங்கண்ணன். எனக்கு அப்பா மாதிரிங்க" என்றார். பிறகு என்னைக் காட்டினார்.

"இவங்க எங்க நங்கைங்க. மனசு ரொம்ப எளகுனது. ஒரு உசிரு துடிச்சாத் தாங்க மாட்டாங்க."

கேலியாகச் சொன்ன மாதிரியே இல்லை. அப்படியே நம்பிச் சொன்ன மாதிரித்தான் இருந்தது. அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பாத்தாலே தெரியுதுங்க" என்றார்.

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பந்தியில் இலை காலியாகிவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, சாப்புடலாம்" என்று சம்பந்தியம்மாவை நானே கூட்டிக்கொண்டு போனேன்.